முழங்காலில் இருந்து அளந்த கவசம்

“கழட்டு பிள்ளை, கழட்டு! கழுத்தைப் பார், கீறிச் சிவந்துபோய்க் கிடக்கு!”

வேலையால் வந்த நேசமலர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விறாந்தையில் மகள் லக்சிகா ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கவசத்துக்குள் இறுகிப்போய் நின்றாள். மார்புக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு, தோளுக்கு இரண்டு கிண்ணம். மிச்சமெல்லாம் பாயில் பரவிக் கிடந்தது.

“கழட்டத்தான் பாக்கிறன் அம்மா. வருதில்லை.”

“போடத் தெரிஞ்ச உனக்குக் கழட்டத் தெரியேல்லையோ? ஆமை மாதிரி நிக்கிறாய்.”

நேசமலர் பின்னால் போய்ப் பட்டிகளை இழுத்து விட்டாள். லக்சிகா சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

கனடாவில் இருக்கும் மச்சாள் அனுப்பிய கவசப் பெட்டி அது. வெட்டி, தேய்த்து, பட்டி பூட்டிப் போட்டால் ஆளைப் பார்க்கப் போர்வீரன் மாதிரி இருக்கும். சனிக்கிழமை கொழும்பில் வேடப் போட்டி. உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறிய பிறகு லக்சிகா படலையைத் தாண்டியதே இல்லை. கோயிலுக்கும் இல்லை, கலியாண வீட்டுக்கும் இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளை. ஏசவும் நேசமலருக்கு மனம் வராது. இந்தப் பெட்டி வந்த பிறகுதான் அவளுடைய அறைக் கதவு பகலில் திறந்தது. கவசம் சரிவராவிட்டால் அது திரும்பவும் பூட்டுப்படும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“நான் போகேல்லை. பேரை வெட்டச் சொல்லிப்போடுறன்.”

“முதல் என்ன பிழையெண்டு சொல்லு.”

“நிக்கேக்கை சரியா இருக்கு. மேடையிலை முழங்காலை ஊண்டி இருந்து வாளை நீட்டவேணும். இருந்தா உந்த விளிம்பு வந்து நாடியிலை இடிக்குது. மூச்சும் விடேலாது.”

“நிண்டுகொண்டோ அளந்தனீ?”

“வீடியோவிலை அப்பிடித்தான் காட்டினவை.”

“அவை நிண்டு படம் எடுக்கிறதோடை சரி. திருப்பிப் போடு. முழங்கால்ல இரு. குனி. இன்னும் குனி.”

நேசமலர் பேனையால் வயிற்றுப் பக்கம் ஒரு கோடு கீறினாள். “கீழ்விளிம்பு தொடையிலை முட்டித்தான் எல்லாம் மேலை எழும்புது. கழுத்திலை கை வையாதை, கீழை வெட்டு. பாரத்தையும் தோள்ல விடாதை. இடுப்பிலை ஒரு பட்டி போட்டு அதிலை நிப்பாட்டு. இல்லாட்டி மத்தியானத்துக்குள்ளை பிடரி விறைச்சுப்போம்.”

லக்சிகா மூக்கைத் துடைத்தாள். “காமன்ஸ்காரியெல்லே, சும்மாவே? கோட் சூட் எல்லாம் தைப்பீங்கள் என்ன?”

“ம்.”

காமன்ஸ் என்றால் டவுனுக்கு அங்காலை இருக்கிற ஆடைத் தொழிற்சாலை. விடியுமுன் வான் வந்து நேசமலரை ஏற்றிக்கொண்டு போகும். பின்னேரம் புழுதியும் களைப்புமாகக் கொண்டுவந்து இறக்கும். வேலையைப் பற்றி அவள் வீட்டில் கதைப்பதில்லை. லக்சிகாவும் கேட்பதில்லை.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு வீரம்மா எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, தண்ணித் தொட்டிய வெட்டிப் புள்ளைக்கு மாட்டிவுட்டுட்டீங்களா?”

“ஓம் வீரம்மா, உனக்கும் ஒண்டு வெட்டட்டோ?”

“எனக்கு எங்க பத்தும்? குளத்தத்தான் வெட்டணும்!”

லக்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரித்து எவ்வளவு காலம் என்று நேசமலர் யோசித்தாள். உடனே கத்தரிக்கோலை எடுத்தாள்.

வெட்டினார்கள். கூர் போகத் தேய்த்தார்கள். விளிம்பை உள்ளுக்கு மடிக்கக் குசினியில் தண்ணீர் கொதித்தது.

“எடி, சோத்துப் பானையிலையோ பிளாஸ்டிக்கை அவிக்கிறாய்?”

“வேற பானை இல்லையே அம்மா.”

“நாளைக்குச் சோறு மணந்தால் நீதான் தின்னவேணும்.”

மழை இருட்டிக்கொண்டு வந்தது. லக்சிகா கவசத்தைப் போட்டு முழங்காலில் இருந்தாள். எழும்பினாள். திரும்ப இருந்தாள். எங்கும் இடிக்கவில்லை.

“அம்மா, நான் போறன்! சனிக்கிழமை போறன்!”

நேசமலர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

“மேடையிலை எப்பிடித் தெரியுமெண்டு பாக்கவேணும். நீங்கள் ஒருக்காப் போடுங்கோ.”

“எனக்கென்ன விசரே? வேண்டாம்.”

“ஒரேயொருக்கா. ஒரு படம் எடுக்கிறன். பிளீஸ் அம்மா.”

நேசமலர் போட்டாள். பட்டியைத் தேடி விரல்கள் தடவவில்லை. ஒவ்வொன்றாகப் பூட்டி, ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தலைக்கவசத்தையும் வைத்துக்கொண்டாள்.

“இப்ப முழங்கால்ல இருங்கோ. வாளைப் பிடியுங்கோ.” லக்சிகா சிரித்தபடி போனைத் தூக்கினாள்.

நேசமலர் கீழே பார்த்துவிட்டு, பார்த்த இடத்தில் மட்டும் முழங்காலை வைத்தாள். வாளை உயர்த்தவில்லை. இடது உள்ளங்கையைப் பாயில் பதித்தாள். பிளாஸ்டிக் வாளைத் தடி மாதிரிப் பதித்துப் பிடித்து, அதன் நுனியைச் சரிவாக, மெதுவாக நிலத்துக்குள் தள்ளுவதுபோல் தள்ளினாள். நிறுத்தினாள். ஒரு விரல்கடை தள்ளி இன்னொரு முறை. அவள் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை.

லக்சிகா போனைக் கீழே இறக்கினாள்.

“அம்மா… காமன்ஸிலை நிலத்திலை இருந்தோ தைக்கிறனீங்கள்?”

வாள் நின்றது. தலைக்கவசம் நிமிரவில்லை.

“காமன்ஸாலை என்னை நிப்பாட்டிப் போட்டாங்கள், பிள்ளை,” என்றது உள்ளிருந்து வந்த குரல். “உன்ரை அப்பாவைப் பலியெடுத்த காணியிலைதான் இப்ப நாங்கள் மிதிவெடி எடுக்கிறம்.”