காலடியில் ஒரு தாள்

விறகுக் கொட்டகையில், போர்வை சுற்றி ஒளித்து வைத்திருந்த புதுப் பனிச்சறுக்குப் பலகைகளை சிக்னே இழுத்து வெளியே போட்டாள்.

"யாருக்கு இது?"

கணவன் ஒட்வார் கோடரியைக் கீழே வைத்தான். "ஈஸ்டர் வரைக்கும் கேக்காதே, சிக்னே."

"கேக்கவே வேண்டாம். வியாழக்கிழமை பலகைக் கடை ஜன்னல் வழியாப் பாத்தேன். தூரித் பலகை மேல நிக்கிறா. அவ காலடியில நீ மண்டி போட்டிருக்க. அவ முதுகுல பை வேற, என்னமோ ரெண்டு பேரும் மலைக்குக் கிளம்பற மாதிரி ஒரே சிரிப்பு!"

"அவ அந்தக் கடையில வேலை பாக்கறவ. சோதிச்சுப் பாத்தோம்."

"அவ எடைக்கு! ஐம்பத்தெட்டு கிலோ, கொடி மாதிரி. எனக்கு எப்பவாவது மண்டி போட்டிருக்கியா நீ?"

"கல்யாணம் கேட்டப்போ..."

"அது பனியில வழுக்கினது! தாளை எடு. இது என் பலகை இல்லன்னு இப்பவே காட்டறேன்."

எங்கள் பள்ளத்தாக்கில் தாள் வைத்துப் பார்க்காமல் யாரும் பலகை வாங்குவதில்லை. பலகையின் நடுப்பகுதி வளைந்து எழும்பியிருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால், காலடிக்கு நேராகப் பலகைக்கும் தரைக்கும் நடுவே வைத்த தாள் தாராளமாக நகர வேண்டும். முழு எடையும் ஒரே காலில் இறங்கினால் அசையக் கூடாது. லேசான ஆளுக்கு எடுத்ததில் கனமானவர் ஏறினால், இரண்டு காலில் நிற்கும்போதே தாள் மாட்டிக்கொள்ளும்.

சிக்னே ஏறி நின்றாள். ஒட்வார் குனிந்து தாளை இழுத்தான். நகர்ந்தது.

"ஒழுங்கா இழு!"

மறுபடியும் வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் இடது காலுக்கு எடையை மாற்றினாள். தாள் ஆணியடித்தது போல நின்றது.

அவள் குரல் இறங்கியது. "எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே. நின்னது அவதானே?"

"பையில பத்து கிலோ உருளைக்கிழங்கு. நீ சொன்ன அறுபத்தெட்டு வரணும்ல? அதுக்குத்தான் சிரிப்பு. அப்புறம் அவளே இன்னும் மூணு கிலோ அள்ளிப் போட்டுக்கிட்டா."

"மூணு எதுக்கு?"

"'பொம்பளைங்க நாங்க எல்லாருமே மூணு குறைச்சுத்தான் சொல்வோம். பொய் எடைக்கு எடுத்தா பலகை பனியில உரசும். பாவம், சிக்னேதான் திணறுவா'ன்னா."

சிக்னே பலகையை விட்டு இறங்கவில்லை.

"ஈஸ்டர் லீவுக்கு அவளும் நம்ம மலைக் குடிலுக்கு வர்றாளே, நீயே நன்றி சொல்லிடு" என்றான் ஒட்வார்.

"நேத்தே பேசிட்டேன். படுக்க இடமில்ல, வர வேண்டாம்னு."

ஒட்வார் தாளை மடித்தான். "என்ன சொன்னா?"

"'பரவாயில்ல சிக்னே, இந்த வருஷம் உன் பலகை நல்லா ஓடும், பாரு'ன்னா." அவள் தரையைப் பார்த்தாள். "குத்திக்காட்டறான்னு நினைச்சு, போனை வெச்சுட்டேன்."