ஒருத்தரும் எந்திரிக்கல

மாது திரையைப் பார்க்கவே இல்லை. இருக்கை நுனியில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலக்கோட்டில் அந்தத் தியேட்டர் நிரம்பி வழிந்தது. ‘குல்பி தாத்தா’ என்கிற முதல் படத்தில் வந்த குல்பிக்காரக் கிழவர் வாலிபத்தில் எப்படி இருந்தார் என்கிற முன்கதைதான் இந்தப் படம். குடும்பமே ஆடிப் பாடுகிற கதை என்பதால் நண்டும் சிண்டுமாகத் திரண்டு வந்திருந்தார்கள்.

“மொத படத்துல செத்துப்போன ஆளு, இதுல எப்பிடிடா வந்தாரு?” பின்வரிசையில் தக்காளி மண்டி ஆள் ஒருவன் கேட்டான்.

“இது அதுக்கு மின்னாடி நடந்ததுடா. பேசாம பாரு.”

இரண்டாவது பாட்டு தொடங்கியது. மாது சட்டென்று நிமிர்ந்தான். குழந்தைகள் கைதட்டின, மண்டி ஆட்கள்கூடத் தாளம் போட்டார்கள். அவன் செல்போனில் மனைவி ராமக்காளைக் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பேசினான்.

“ராமக்கா, இதுக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல.”

பக்கத்து இருக்கை நிர்மலாதேவிக்கு எரிச்சலாக வந்தது. காரிமங்கலத்திலிருந்து கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். இந்த ஆள் நிம்மதியாகப் படம் பார்க்க விட்டால்தானே!

“அக்கா, பாட்டு எப்பிடிங்க இருக்குது?” அவனே கேட்டான்.

“சூப்பரா இருக்குதுங்க. ஏன்?”

அவன் கண் கலங்கிவிட்டது. “இந்தப் பாட்டுங்கள நம்பித்தாங்க்கா இருக்கேன். இதுவும் கைய வுட்டுருச்சுன்னா, பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு மறுபடியும் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குத்தான் போவணும்.”

நிர்மலாதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு எழுதியவரா, மெட்டுப் போட்டவரா? அவன் விரலிடுக்கில் மஞ்சளாக என்னவோ காய்ந்திருந்தது. படம் ஓட வேண்டுமென்று கோயிலுக்குப் போய்ச் சந்தனம் வாங்கி வந்திருக்கிறார், பாவம்.

“போன படத்துல பாட்டு அவ்வளவு நல்லா இல்லீங்க” என்றாள் தயங்கித் தயங்கி. “பாட்டு வந்தாப் போதும், தியேட்டரே எந்திரிச்சு வெளிய போயிருச்சு. பொய் சொல்லக்கூடாது, நாங்களுந்தான் போனோம்.”

“தெரியுங்க்கா. எட்டுப் பாட்டுக்கும் நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. தன் பாட்டுக்கு ஊரே எழுந்து போவதை எட்டுத் தடவை நின்று பார்த்தால், மனுஷன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

இடைவேளையில் டீ குடிக்கப் போன அவள் கணவன் மாதவராஜ், பாப்கார்னோடு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான். “கேட்டப் பூட்டி வெச்சிருக்கான். இன்டர்வெல்லுல மட்டும் வெளிய வுட மாட்டானாம், உள்ள கேண்டீன்லதான் வாங்கணுமாம்.”

அவள் அவன் காதில் விஷயத்தைப் போட்டாள். மாதவராஜ் மரியாதையாகப் பாப்கார்னை நீட்டினான். “சாப்புடுங்க சார்.”

“வேணாங்க. பாத்தாலே வயிறு எரியுது” என்றான் மாது.

மூன்றாவது பாட்டு, நாலாவது, ஐந்தாவது. எதற்கும் ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை. மாது நகத்தைக் கடித்தான், வாசலைப் பார்த்தான், மறுபடி நகத்தைக் கடித்தான்.

“இன்னும் எத்தன பாட்டுங்க்கா?”

நிர்மலாதேவியின் மகள்தான் முந்திக்கொண்டாள். பாட்டெல்லாம் செல்போனில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். “ஒண்ணே ஒண்ணுதான் மாமா!”

அந்த ஒன்றும் வந்தது. குல்பிக்காரரின் காதலி ஜன்னலோரம் நின்று இழுத்து இழுத்துப் பாடினாள். பின்வரிசையில் ஒரு பெரிய கொட்டாவி கேட்டது.

“அழுவாச்சிப் பாட்டுடா. வா, ஒரு தம்மு போட்டுட்டு வரலாம்.”

நாலு பேர் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. மாது துள்ளி எழுந்து, கையைக் கூப்பிக்கொண்டு சாமியை வேண்டத் தொடங்கிவிட்டான்.

நிர்மலாதேவிக்குத் தாங்கவில்லை. எழுந்து பின்பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“உக்காருங்கண்ணா எல்லாரும்! இந்தப் பாட்டப் போட்டவரு இங்கதான் உக்காந்திருக்காரு. அவரு கண்ணு மின்னாடியே எந்திரிச்சுப் போறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லீங்களா?”

மண்டி ஆட்கள் நாலு பேரும் அசடு வழிய உட்கார்ந்தார்கள். வாசல்வரை போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். எவனோ விசிலடிக்க, தியேட்டரே அந்த அழுவாச்சிப் பாட்டுக்குக் கைதட்டியது.

“ஐயோ, அக்கா…” என்றான் மாது. அந்தச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? மாதவராஜ் வேறு அவனை இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பிடிக்குள்ளேயே செல்போன் அடித்தது. ராமக்காள்தான்.

“என்னாய்யா, வர்றாங்களா?”

மாது மூக்கை உறிஞ்சினான்.

“அடுப்ப அணைச்சிரு ராமக்கா, பஜ்ஜி வாங்க ஒருத்தரும் வரமாட்டாங்க.”