சிறைவாசலில் பச்சை விளக்கு

போதைப் பழக்கத்தை நிறுத்தும் ஊசியை இப்போது சிறையில் மட்டும்தான் போடுகிறார்கள். வெளியே எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அதனால்தான் லூர்து, தன் கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு ஓடியதாகத் தம்பி ஆரோக்கியத்தின் மேல் பொய்ப் புகார் கொடுத்தாள். அவள் தெருவில் நாலு வீட்டில் அப்படித்தான் பிள்ளைகளைக் குணமாக்கியிருந்தார்கள்.

சிறைவாசலில் போதையைக் கண்டறியும் இயந்திரத்தின் முன் ஆரோக்கியம் நாக்கை நீட்டினான். சிவப்பு எரிந்தால் சிகிச்சை வார்டு. பச்சை எரிந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சா சார்?" என்றாள் கூடவே வந்திருந்த லூர்து.

"இல்லம்மா. நாப்பது நாளா இவன் எதையும் தொடல. ஊசியெல்லாம் கிடையாது, சாதா செல்தான்" என்றார் வார்டர்.

லூர்து தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "விட்டுட்டேன்னு ஏன்டா சொல்லல?"

"சொன்னேனேக்கா. புளுகாதேன்னு நீதான கத்துன?"

அவள் அவசரமாக முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செயினை எடுத்து நீட்டினாள். "இதோ இருக்கு சார். இவன் திருடவேயில்ல. நாந்தான் பொய் சொன்னேன்."

வார்டர் செயினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பச்ச எரிஞ்சா எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. புளுகாதம்மா" என்று கதவைச் சாத்தினார்.