மானிட்டருக்குப் பின்னால்

“முப்பத்திநாலு இன்ச்சுக்குக் குறைச்சலா வாங்கினா ரெண்டே மாசத்துல இங்கதான் திரும்பி வருவீங்க சார். கோடிங் எழுதுறவங்க கண்ணும் கழுத்தும் என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியாதா?”

சொன்னவனுக்குக் கடையில் பட்டப்பெயர் ‘வானொலி’. வாயைத் திறந்தால் மூட மாட்டான். இன்று அவன் பேச்சில் வழக்கத்தைவிடச் சூடு அதிகம். அந்த வளைந்த முப்பத்திநாலு இன்ச் மானிட்டர் மாதக்கணக்கில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. இந்த வாரமும் அது விலைபோகாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் குடோனுக்கு அவனை மாற்றிவிடுவதாக மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். அட்டைப்பெட்டிகளோடு பேசிக் காலம் தள்ளுகிற ஆளா அவன்?

வந்திருந்தவர்கள் கணவன், மனைவி. இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இணையதளங்கள் செய்கிறார்கள். கணவர் புரோகிராம் எழுதுகிறவர், மனைவி பக்கங்களை வடிவமைக்கிறவர். மானிட்டர் கணவருக்கு. லேப்டாப்பின் சின்னத் திரையில் கோடிங்கையும் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

வளைந்த திரையைப் பார்த்ததுமே அவருக்கு ஆசை வந்துவிட்டது. இடது பாதியில் கோடிங், வலது பாதியில் இணையப் பக்கம் என்று பிரித்து வைத்துப் பார்த்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வானொலிக்கு மனசு குளிர்ந்தது.

மனைவிதான் முட்டுக்கட்டை. மானிட்டரை முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களைத்தான் வானொலிக்குத் தெரியும். இவரோ ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் போய், மானிட்டரின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அங்கிருந்தே தீர்ப்பு வந்தது.

“வேண்டாம்.”

முப்பத்திரண்டைக் காட்டினான். வேண்டாம். இருபத்தேழைக் காட்டினான். அதை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கச் சொல்லி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதுவும் வேண்டாம் என்றார். இருபத்திநாலு வந்த பிறகுதான் முகம் மலர்ந்தது. இது போதும் என்றார்.

வானொலி விடுவானா? கீழே குனிந்து ஒயரைத் தேடிக்கொண்டே, இருபத்திநாலில் கோடிங் ஜன்னலையும் இணையப் பக்க ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பிரசங்கமே செய்தான். நிமிர்ந்தபோது, “சொல்றதை என்னைப் பார்த்துச் சொல்லுங்க,” என்றார் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அவர் கண் கொட்டாமல் இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்டது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். சரியான திமிர் பிடித்த பொம்பளை, புருஷனை இப்படித்தான் கண்ணாலேயே காவல் காக்கிறாள் போலிருக்கிறது என்று மனசுக்குள் கறுவினான்.

இனி அந்தப் பக்கம் பேசிப் பயனில்லை என்று கணவரைப் பிடித்துக்கொண்டான். கழுத்து வலி முதுகு வலியாகும், முதுகு வலி படுக்கையில் தள்ளும் என்று அடுக்கிக்கொண்டே போனான். கணவர் கரைந்துவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்து, மானிட்டருக்கு மேலாக மனைவியைப் பார்த்தார்.

“கழுத்து ரொம்பப் படுத்துதும்மா.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார், அந்த அகலத் திரையைப் பார்த்தார்.

“சரி, பெரிசையே வாங்கிக்கோங்க. ஏதாவது பேசணும்னா நான் எழுந்து உங்க பக்கம் வந்துக்கறேன்,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனார்.

வானொலிக்குத் தலைகால் புரியவில்லை. குடோன் கண்டம் தாண்டியாயிற்று. ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்தான், பில் போடச் சொன்னான். கணவர் கார்டை எடுத்து நீட்டினார். அதை வாங்கி மெஷினில் சொருகியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் சந்தோஷம் வந்தால் அவனுக்கு நாக்கு சும்மா இருக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாமலா சொன்னார்கள்?

“இன்னொண்ணு சொல்லட்டுமா சார்?” என்று குரலைத் தாழ்த்தினான். “இந்த சைஸ்ல ஒரு பெரிய லாபம் இருக்கு. மேடம் எதிர்லயே உட்கார்ந்திருந்தாலும், அவங்க முகம் உங்களுக்குத் தெரியாது, உங்க முகம் அவங்களுக்குத் தெரியாது. நிம்மதியா வேலை பார்க்கலாம்.” சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

நீட்டிய கார்டு சட்டைப் பைக்குள் திரும்பிப் போயிற்று. கணவர் அந்த வளைந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

“இருபத்திநாலே போடுங்க,” என்றார்.

வானொலி பதறிப்போனான். “சார், சும்மா தமாஷுக்குச் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பா ஒண்ணும் சொல்லலை, நான்தான் கழுத்து வலியில மறந்துட்டேன்,” என்றார் அவர். “அவளுக்குக் காது கேக்காதுங்க. நான் பேசுறதை என் உதட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறா.”