ஒண்ணாந் தேதி பஸ்

பாறசாலைச் சபையின் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் ஜெயன், செயலாளர் சஜன், பெண்கள் சங்கத்திலிருந்து சஜனின் மனைவி சுமி, கல்லூரியில் தர்க்கவியல் கற்பிக்கும் ஜீனா. நாற்காலி தரப்படாமல் நின்றவர், ஞாயிறுப் பள்ளி நடத்தும் ரெத்தினதாஸ்.

"குடிகாரன் நம்ம பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்க வேண்டாம். இன்னைக்கே நிறுத்தணும்," என்றான் சஜன்.

"குடிச்சதை நீங்க கண்டீங்களா அண்ணே?" என்று கேட்டாள் ஜீனா.

"எதுக்குக் காணணும் பிள்ளே? ஒண்ணாந் தேதி கேரளத்தில மதுக்கடை அடைப்பாக்கும். அன்னைக்கு பாறசாலையில இருந்து எல்லை தாண்டுத பஸ்ஸில நிக்க இடம் உண்டா? எல்லாம் தாகம் பிடிச்ச கூட்டம். போனவன் ஒருத்தனாவது குடிக்காம திரும்பியிருக்கானா? இவரு மாசம் தவறாம அதே பஸ்ஸில போறாரு. பின்னே என்ன, தமிழ்நாட்டுக்குத் தேங்கா வாங்கவா?"

ஜெயன் சிரித்தார். ரெத்தினதாஸ் தரையைப் பார்த்தார்.

"பத்துப் பேரைப் பாத்துட்டு, பதினொண்ணாவது ஆளும் அப்படித்தான்னு சொல்லுதீங்க. இது இன்டக்‌ஷன். அனேகமா சரியா இருக்கும், சில நேரம் தப்பாவும் போவும். நான் டிடக்‌ஷன் சொல்லுதேன். தமிழ்நாட்டில கடை திறக்குதது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. ரெத்தினதாஸ் மாமா போறது காலை பஸ்ஸில; ஒண்ணாந் தேதி உபவாச ஜெபத்துக்குத் திரும்பி வந்து இங்க பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கிறதும் மாமாவாக்கும், பிறகு ராத்திரி வரை இங்கேயேதான். ஒரே ஆளு ஒரே நேரம் ரெண்டு இடத்தில நிக்க முடியாது. சொன்னதெல்லாம் நேரு, உண்மைன்னா முடிவும் நேரு. அவரு அந்தக் கடைக்குப் போகல்ல."

ஜெயனின் சிரிப்பு நின்றது. சஜன் விடவில்லை.

"செரி, கடைக்கு இல்ல. பின்னே எங்க? அதை அவரே வாயால சொல்லட்டும்."

"சொல்லுங்க மாமா," என்றாள் ஜீனா. ஜெயித்துவிட்ட குரல்.

ரெத்தினதாஸ் சஜனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"சஜன் சொல்லுதது நேரு. குடிக்கத்தான் போறேன். ஞாயிறுப் பள்ளிக்கு வேற ஆளைப் பாருங்க."

ஜீனாவின் முகம் எரிந்தது. யாரையும் பார்க்க முடியவில்லை.

"உனக்க டிடக்‌ஷன் எங்க பிள்ளே?" என்றான் சஜன்.

ரெத்தினதாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.

சுமி குனிந்த தலை நிமிராமல் கணவனிடம் பேசினாள்.

"ஜீனா சொன்னதுதான் நேரு. அவரு போறது எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு. ஒண்ணாந் தேதிதான் அங்க பாக்க விடுவாவ. மஸ்கட்டில மகளுக்க கூட சுகமா இருக்காருன்னு சபை முழுக்க நாம சொல்லி வச்சிருக்கோமே உங்க அப்பா, அவருக்குத் தாடி வழிச்சு, நகம் வெட்டி விட்டுட்டு வாறாரு."

சஜன் வாசல் பக்கம் பார்த்தான். ரெத்தினதாஸ் இன்னும் முற்றத்தைத் தாண்டவில்லை, கூப்பிட்டால் கேட்டிருக்கும்.

"மெதுவா பேசு, வெளிய கேக்கும்," என்று எழுந்துபோன ஜெயன், ரெத்தினதாஸுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.