தீயணைப்பு வண்டிக்கு வழி

பந்தல் துணியின் ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினார் அந்தப் பெண் தீயணைப்பு அதிகாரி.

துணி கருகியது. பற்றிக்கொள்ளவில்லை.

கல்யாணப்பெண்ணின் அப்பாவுக்கு அப்போதுதான் முகத்தில் உயிர் வந்தது.

காலையில் அதிகாரி சோதிக்க வந்தபோது இருந்தது வேறு துணி. குச்சியைக் கிட்டே கொண்டுபோனதுமே பிடித்து, உருகிச் சொட்டியது. மாற்றுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். எரிகிற பந்தலுக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். எல்லோரையும் தூக்க முடிந்ததில்லை. அதனால் இந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய பருப்பும் வேகாது.

துணியோடு விட்டாரா? ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொன்னார். சமையலை அடுத்த தெருவுக்கு அனுப்பினார். ஒரு வாசல் போதாது, இன்னொன்று திறக்க வேண்டும் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு வாசலுக்கு நேர் எதிரே போட்டிருந்த மேடையைப் பிரித்துத் தெருக்கோடிக்குக் கொண்டுபோக வைத்தார். அது அங்கே இருந்தால் தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியில்லை.

வழக்கமாக இந்த இடத்தில்தான் யாராவது போனை நீட்டுவார்கள், பெரிய இடம், ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. பெண்ணின் அப்பா போனைத் தொடவே இல்லை. மேடையை நகர்த்தச் சொன்னபோது மட்டும் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பந்தல்காரரின் ஆட்களோடு சேர்ந்து தானும் ஒரு பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"இவ்வளவு அல்லாடுறதுக்கு ஒரு ஹால் பிடிச்சிருக்கலாமே, சார்?" என்று மனசு கேட்காமல் கேட்டுப் பார்த்தார் அதிகாரி.

அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

இப்போது சாயங்காலம். நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தாகிவிட்டது. அதிகாரி வயர்களைத் தடவிப் பார்த்தார். தீயணைப்புக் கருவிகளைத் தூக்கிப் பார்த்தார். புது வாசல் வழியாகத் தானே ஒருமுறை வெளியே போய் வந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அனுமதித் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் அந்தத் திரை கண்ணில் பட்டது. அதற்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று மெல்லிய சத்தம்.

சிலிண்டர்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அடுப்பை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டதாகக் காட்டிவிட்டு, காப்பி போட இங்கே ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பவ்வியமாகத் தலையாட்டிவிட்டு, கடைசியில் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார் இந்த மனிதர்.

பெண்ணின் அப்பா ஓடி வருவதற்குள் அவர் திரையை விலக்கிவிட்டார்.

சிலிண்டர்தான். ஆக்சிஜன் சிலிண்டர். அதிலிருந்து போன குழாய், சாய்வு நாற்காலியில் புதுப் புடவை உடுத்தி உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் மூக்கில் முடிந்தது. கன்ன எலும்பெல்லாம் துருத்திக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு யாரோ அக்கறையாகப் பவுடர் போட்டுவிட்டிருந்தார்கள்.

"பொண்ணோட அம்மா, மேடம்," என்றார் அவர். "மேடை வாசலுக்கு எதிர்ல இருந்திருந்தா ரூம்ல படுத்தபடியே பார்த்திருப்பா. இப்ப அங்கேருந்து தெரியல."

அதிகாரி நிமிர்ந்து பந்தல் துணியைப் பார்த்தார்.

அந்தக் காற்று கசிந்து பரவினால், கருகி அணைகிற துணியும் பற்றிக்கொண்டு எரியும். தலைக்கு மேலேயே விளக்குச் சரங்கள். பந்தல் முழுக்க ஜனம். காலையிலிருந்து ஓட்டைகளாகத் தேடித் தேடி அடைத்தவர், இப்போது விதியில் ஓர் ஓட்டை கிடைக்காதா என்று தேடினார். சிலிண்டரைப் பந்தலுக்கு வெளியே வைத்தாலும் குழாய் வழியே வருவது இங்கேதான் வரும். மேடையைத் திரும்ப நகர்த்தினால் வண்டி வராது.

"மன்னிச்சுக்கங்க சார். இது உள்ள இருந்தா என்னால அனுமதி தர முடியாது."

அவர் இதற்கும் வாதாடவில்லை. குனிந்து, மனைவியை நாற்காலியோடு வீட்டுக்குள் கொண்டுபோகக் கை கொடுத்தார்.

அந்த அம்மா அவர் கையை விலக்கினாள்.

தலையில் வைத்திருந்த பூ கலையாமல், காதில் சுற்றியிருந்த குழாயை முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் கழற்றினாள். கண்ணாடியைக் கழற்றி வைப்பது போல அவ்வளவு சாதாரணமாக. அதைச் சுருட்டிக் கணவர் கையில் வைத்து, சிலிண்டரைக் கொண்டுபோகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப... எல்லாம் சரியா... இருக்குல்ல?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுக்க அவரிடம் ஒரு விதிகூட மிச்சமில்லை.

கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிந்தும் போகவில்லை. மூச்சுக்கு மூச்சு அந்த அம்மாவின் தோள்கள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த கல்யாணப்பெண் எதேச்சையாக இந்தப் பக்கம் திரும்பினாள். குழாய் இல்லாத அம்மாவின் முகத்தைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து, பாரேன், பாரேன் என்று காட்டினாள்.

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.