நெற்றி வரைக்கும்

"உதைவிட மெதுவானது இல்லையோ தம்பி?"

தன் காதில் விழுந்தது சரிதானா என்று கடைக்காரன் சிவகரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போர் ஓய்ந்து பாதை திறந்து, கொழும்பிலிருந்து கணினிச் சாமான்கள் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கிய நாள்முதல், வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: வேகம். மெதுவானதைக் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

வந்தவர் யாகோப்பு, குருநகரில் கடற்றொழில் செய்கிறவர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைக் கொண்டுவரும், இடியில் கருகிப்போன பழைய மோடம் ஒன்றை உரப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்.

"மகன்ரை கொம்பியூட்டரோ அண்ணை?"

"ஓம். ஜெரோசன். அவன் வெளிநாட்டுக்கு வெளிக்கிடேக்கை விட்டிட்டுப் போனது. என்ரை பெறாமகளுக்கு, தம்பியின்ரை பெட்டைக்கு, அதைத் தட்டத் தெரியும். மோடம் ஒண்டுதான் வேணும்."

"அப்ப இந்த ஐம்பத்தாறைக் கொண்டுபோங்கோ, இதுதான் ஆகக் கூடின வேகம். பெட்டியிலை போட்டிருக்கிற நம்பரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, கண்டியளோ. மற்றப் பக்கத்திலை இன்ரநெற் கொம்பனியின்ரை மோடத்துக்கும் இதே முறை தெரிஞ்சிருக்க வேணும். இதுக்கு வி தொண்ணூறு எண்டு பேர். அவையளும் அதுதான் வைச்சிருக்கினம். அதாலை பயப்பிடாமல் வாங்கலாம்."

"பழசை வைச்சால் அவையின்ரையோடை கதைக்காதோ?"

"கதைக்கும். புதிசு பழசுக்காக இறங்கி வரும். ஆனா ஏன் அண்ணை உங்களுக்கு இந்தத் தலைவிதி?"

யாகோப்பு வெறும் உரப்பையை மடித்தார். பிறகு, "இத்தாலியிலையிருந்து ஒரு படம் வந்திருக்கு. மகன்ரை எண்டு சொல்லினம்" என்றார்.

சிவகரனின் முகம் மலர்ந்தது. "அட! கலியாணப் படமோ? இந்தா கிட்டடியிலை கொமினிகேசன் கடை இருக்கே, காசு குடுத்து இன்ரநெற் பாக்கிற இடம், அங்கை போய்ப் பாக்கலாமே."

"லூர்த்தம்மா, என்ரை மனிசி, சனத்துக்கு முன்னாலை பாக்க மாட்டாளாம். வீட்டிலைதான் பாக்க வேணுமாம். என்னையும் தனியப் பாக்க விடுறாளில்லை. மாதாவிலை சத்தியம் வாங்கிப்போட்டாள். விடியத் தொடக்கம் கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கிறாள்."

"பெத்த மனமல்லோ! அப்பிடித்தான் இருக்கும்."

யாகோப்பு பளபளப்பான அந்தப் பெட்டியை விரலால் தள்ளி வைத்தார். "தம்பி, படம் எப்பிடி வரும்? ஒரேயடியாய் வருமோ?"

"இல்லை. மேலையிருந்து கோடு கோடாய் இறங்கும். முதல் தலைமயிர், பிறகு நெத்தி, பிறகு கண்."

"நெத்தி வந்து கண் வர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

இப்படியும் ஒரு கேள்வியா என்று சிவகரன் அவரைப் பார்த்தான். "ஐம்பத்தாறிலை எண்டால் கண் மூடி முழிக்கிறதுக்குள்ளை வந்திடும்."

"அப்ப உது வேண்டாம்" என்றார் யாகோப்பு உடனே. "இடையிலை ரெலிபோன் வயரை இழுத்துவிட்டால் என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? வந்தது மட்டும் நிக்கும். மிச்சம் வராது."

யாகோப்பு பெருமூச்சு விட்டார். கடைக்குள் வந்த பிறகு அவருடைய தோள்கள் சற்றுத் தளர்ந்தது அப்போதுதான்.

சிவகரனுக்கோ பொறுமை போய்க்கொண்டிருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் தேடி, ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய மோடத்தை எடுத்துத் தூசியை ஊதினான்.

"இது பதினாலு. சரியான ஆமை. படம் முழுக்க வாறதுக்கிடையிலை உலை வைச்சுச் சோறும் வடிச்சுப்போடலாம். இதுதான் வேணுமோ?"

"இதுதான் தம்பி. இது கட்டாயம் வேலை செய்யுமோ? ஏமாத்திப்போடாதையும்."

"வேலை செய்யும். நான் பொறுப்பு. ஆனா உங்கடை மனிசி என்னைத்தான் வாய்க்கு வந்தபடி பேசப்போறா. பெத்த பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கத் துடிச்சுக்கொண்டிருக்கிற மனிசிக்கு உதைக் கொண்டுபோய்க் குடுக்கிறது பாவம் அண்ணை. சொல்லிப்போட்டன்!"

மோடத்தை உரப்பைக்குள் பத்திரமாக வைத்த யாகோப்பு, வாசல்படியில் நின்று திரும்பினார். தன் இடப்பக்க நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதிலை அவனுக்கு ஒரு தழும்பு. சின்னனிலை வள்ளம் அடிச்சது. அது தெரிஞ்சாலே அவன்தான் எண்டு அவளுக்கு விளங்கும். அந்த இடத்திலை நான் வயரை இழுத்துப்போடுவன்."

"ஏன் அண்ணை, முழுமுகத்தையும் பாத்தால் என்ன?" என்றான் சிவகரன்.

"அவன் போன படகு கவிண்டு, கனநாள் கழிச்சுத்தான் தம்பி உடம்பைக் கரையிலை எடுத்திருக்கினம். கடல் ஒரு முகத்தை என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியக் கூடாது."